ஆறாம் கட்டிலைப் பார்க்க வந்தவர்

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, பிஞ்சுக் கையில் நரம்பு தேடி ஊசி குத்தும் லேப் பெண் உண்டு, மூன்று நாளாகக் கண்மூடாத தாய் உண்டு. இத்தனை பேர் சேர்ந்தாலும் ஒரு பிள்ளையைக் குணப்படுத்த முடியாது என்று உறுதியாக நம்புகிற இன்னொருவரும் உண்டு. அவர்தான் ‘பார்க்க வந்தவர்’. உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாது என்று நீங்கள் சொன்னால் நான் நம்புவதாக இல்லை.

எங்கள் தென்காசிப் பக்கத்தில் இந்த இனம் ஆனி, ஆடியில் பெருகும். காரணம், குற்றாலம். சாரல் விழுந்துவிட்டது, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கப் போக வேண்டும்; வழியில்தானே ஆஸ்பத்திரி, யார் வீட்டுப் பிள்ளையோ படுத்திருக்கிறதாமே, எட்டிப் பார்த்துவிட்டால் ஒரே பெட்ரோலில் இரண்டு காரியம். போகும்போது பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். குளித்துவிட்டுத் திரும்பும்போதுதான் பார்ப்பார். தலையில் எண்ணெய் வழிய, தோளில் ஈரத்துண்டு சொட்ட, மூக்கு ஒழுக, கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு வருவார். ‘சளி, இருமல் உள்ளவர்கள் வார்டுக்குள் வரக்கூடாது’ என்று வாசலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நின்று நிதானமாக வாசிப்பார். நல்ல யோசனை என்று தலையாட்டுவார். அதன் மேலேயே இரண்டு தும்மல் போட்டுவிட்டு உள்ளே நுழைவார்.

மாதிரிக்குப் பலவேசம் அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார்; வெங்காயம், எங்கள் பேச்சில் உள்ளி, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவர் பார்க்க வந்தது ஆறாம் கட்டிலில் இருந்த ஸ்வாதியை. ஆறு வயது, சுந்தரபாண்டியபுரம். அப்பா பாண்டிராஜ் ராணுவத்தில் எங்கோ வடக்கே இருக்கிறான். அம்மா முப்பிடாதி மட்டும் கூட இருந்தாள். பிள்ளைக்குச் சிறுநீரகக் கோளாறு. உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரில் வெளியே போகிறது, வெளியே போக வேண்டிய தண்ணீர் உடம்பில் தேங்குகிறது. முகமும் காலும் வீங்கிவிட்டன. திருநெல்வேலியிலிருந்து வாரம் இரண்டு முறை வரும் குழந்தைகள் சிறுநீரக நிபுணர் டாக்டர் நூர்நிஷா, ஒரு தாளில் படம் போட்டே தாய்க்கு விளக்கியிருந்தார்: உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை தவறக் கூடாது, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், எடை குறைந்தால் தேங்கிய நீர் வடிகிறது என்று அர்த்தம்.

படம் போட்டபோது அண்ணாச்சி இல்லை. அதனால் என்ன? படம் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆளா அவர்?

“ஏட்டி முப்பிடாதி, புள்ள கொழுகொழுன்னுல்லா இருக்கா! இவளுக்கு என்னத்துக்கு ஆஸ்பத்திரி?”

“அது வீக்கம் அண்ணாச்சி.”

“வீக்கமாம்லா! புள்ள பூசுனாப்புல இருந்தா டாக்டருமாருக்குப் பொறுக்காது. இந்தா கண்ணு, சிப்ஸ் தின்னு.”

“உப்பு ஆகாது அண்ணாச்சி.”

“ரெண்டு சிப்ஸ்ல என்னட்டி உப்பு? ஒண்ணும் செய்யாது.”

‘ஒண்ணும் செய்யாது’ என்பது இந்த இனத்தின் மருத்துவக் கல்லூரிப் பட்டம். இதைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, இதே நோய் வந்த இன்னொரு பிள்ளையை நினைவுக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிள்ளை எப்போதும் வேறு ஊரில் இருக்கும். “சிவகிரில எங்க சகலை மகனுக்கும் இதே வீக்கந்தான்” என்றார் அண்ணாச்சி. “இப்ப எப்படி இருக்கான்?” என்று முப்பிடாதி பதறிப்போய்க் கேட்டாள். “அத ஏன் கேக்க?” என்று ஒரு பெருமூச்சு விட்டார். அதோடு எழுந்து போய்விட்டார். அந்தப் பையன் பத்தாவது படிக்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. பெருமூச்சு, மார்க் குறைந்ததற்காம்.

ஐந்து நாள் கழித்து அண்ணாச்சி மறுபடி குளிக்க வந்தார். அன்றைக்குத்தான் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டை அவர் கண்ணில் பட்டது. இருபத்தொன்றரை, இருபதே முக்கால், இருபது, பத்தொன்பது, பதினெட்டு. எடை என்றால் அவருக்கு உயிர். பிறந்ததிலிருந்து தராசுக்கு முன்னால் நிற்கிறவர்.

“அடப்பாவிகளா! அஞ்சு நாள்ல மூணரைக் கிலோ போச்சே! புள்ள தேயுதுட்டீ! இங்கன வச்சிருந்தா எலும்புதான் மிஞ்சும். செங்கோட்டைக்கு அந்தால ஒரு வைத்தியரு இருக்காரு, ஒரே வேருல எல்லாம் செரியாப் போவும், கெளம்பு!”

சொல்லி நிறுத்தினாரா? பாண்டிராஜைப் போனில் பிடித்து, ஒட்டிப்போன கன்னத்தை வீடியோவில் காட்டினார். மாதக்கணக்கில் மகளைப் பார்க்காத மனிதன், ஆடிப்போய்விட்டான். “முப்பிடாதி, அண்ணாச்சி சொல்லுதத கேளு” என்று உடைந்த குரலில் சொன்னான். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். டாக்டரின் பேச்சை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம் என்று எழுதியிருந்தது. முப்பிடாதி பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, நனைஞ்ச உள்ளி மூட்டைய அப்படியே எடை போட்டு எடுப்பியளா?”

“எடுப்பனா? நான் என்ன கூறுகெட்டவனா? ஈரத்துக்குக் கழிச்சிட்டுல்லா எடுப்பேன்!”

“அந்த ஈரத்தத்தான் டாக்டரம்மா கழிக்காவ.”

நாற்பது வருஷ மார்க்கெட்டில் அண்ணாச்சியை இப்படி யாரும் மடக்கியதில்லை. படிவம் கையெழுத்து இல்லாமலே நர்ஸிடம் திரும்பிப் போனது. மறு வாரம் பிள்ளை வீடு திரும்பினாள். மாத்திரையை மட்டும் பன்னிரண்டு வாரம் தொடர வேண்டும், தானாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் பேனாவை மூடியிருப்பேன்.

ஆறாவது வாரம் ஸ்வாதி மறுபடி அதே வார்டில். இந்தத் தடவை கண் திறக்க முடியாத வீக்கம், வயிற்றில் நீர், மூச்சுத் திணறல், மூக்கில் ஆக்சிஜன் குழாய். நானும் பார்க்கப் போனேன். அண்ணாச்சி துண்டு இல்லாமல், சிப்ஸ் இல்லாமல், வார்டுக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நாலு நாள் மாத்திரை கொடுக்கவில்லையாம்.

“ஏம்ட்டி நிறுத்துன?” என்று வெளியே வந்த முப்பிடாதியிடம் கேட்டார்.

“கல்யாண வீட்டுல ஒருத்தவிய சொன்னாவ அண்ணாச்சி. புள்ள மூஞ்சி ஊதியிருக்கே, மருந்து ஒத்துக்கலபோல, நாலு நாள் விட்டுப் பாருன்னு. படிச்சவிய சொல்லுதாவளேன்னு…”

“எவம்லே அது, கூறுகெட்ட பய? ஆளச் சொல்லுட்டி, நான் கேக்கேன்!”

அந்தப் படித்த ஆள் நான்தான். நான் ஈரத்துண்டோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் இல்லை. கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவேன். தென்காசியில் அந்தக் கல்யாண மண்டபத்தில், பந்திக்கு இடம் கிடைக்கக் காத்திருந்த பத்து நிமிடத்தில், மாத்திரையின் பெயரைக் கேட்டு, போனில் தட்டிப் பார்த்து, ஸ்டீராய்டு என்று கண்டுபிடித்து, முகத்தைச் சுளித்து, மிகுந்த அக்கறையோடு சொன்னேன். அந்த முக ஊதல் மாத்திரையால் வருவது, மாத்திரை முடிந்ததும் போய்விடும் என்று அதே பக்கத்தில் கீழே எழுதியிருந்ததாம். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

முப்பிடாதி என்னை ஒரு தரம் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

“ஆள் யாருன்னு ஞாபகம் இல்ல அண்ணாச்சி” என்றாள்.

ஸ்வாதி தப்பித்துவிட்டாள். பன்னிரண்டு வாரத்தையும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது கிடக்கட்டும், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போன மாதம் ஏதோ ஒரு விசேஷ வீட்டில் ஏதோ ஒரு பிள்ளையின் தாயிடம், மனசு பொறுக்காமல், நல்லதாக நாலு வார்த்தை சொன்னீர்களே? அவளும் தலையாட்டினாளே? வீட்டுக்குப் போய் அவள் என்ன செய்தாள் என்று விசாரித்தீர்களா?