அரசு பாதி, தனியார் பாதி, நடுவில் செக்போஸ்ட்

எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் இந்த உலகத்தில் எதுவும் ஓர் அடிகூட நகரக் கூடாது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் செக்போஸ்ட்தான். வார்டுக்குள் நுழையப் பார்த்த பூனையை அவர் மடக்கி விசாரித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பூனை பதில் சொல்லவில்லை. அன்று முழுக்க அது வெளியிலேயே கிடந்தது.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எளாவூர் சோதனைச் சாவடியில் ஆயுசு முழுக்கக் கட்டை தூக்கியவர். அதிகாரி இல்லை. லாரி வந்தால் குறுக்குக் கட்டையை இறக்க வேண்டும், அதிகாரி தலையாட்டினால் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். அதிகாரிகள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கட்டையும் இவரும் மட்டும் மாறவில்லை. அதனால் கல்கத்தா ரோட்டில் போகிற சரக்கெல்லாம் தன் தயவில்தான் போகிறது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். பிறகு வரி முறை மாறியது, லாரியை நிறுத்துகிற வேலை குறைந்தது, கட்டை வேறு யார் கைக்கோ போனது. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகள் இல்லாத அவர் எங்களிடம் வந்தார்.

எங்களிடம் என்றால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் அரசு நடத்திவந்த முதியோர் பராமரிப்பு இல்லம். நான் அதன் கடைசிக் கண்காணிப்பாளர். கண்காணிக்க என்னிடம் ஒழுகும் கூரை ஒன்றும், நினைத்தால் சுற்றுகிற மின்விசிறிகள் சிலவும், டாக்டர் இல்லாத டாக்டர் அறை ஒன்றும் இருந்தன. பணியிடம் காலி. நாற்காலி மட்டும் இருந்தது. அதற்கு வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தோம்.

நான் பொறுப்பேற்க வந்த முதல் நாளே வார்டு வாசலில் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"எங்கேர்ந்து வர்ற? பையில இன்னா லோடு?"

"ஐயா, நான்தான் புது சூப்பிரண்டு. இங்க வேலை செய்யற ஆளுதான்."

"இங்க நம்ம ஆளு, நம்ம வண்டி அதெல்லாம் கெடையாது சாரு. கலெக்டர் ஜீப்பையே நிறுத்திக்கீறேன். பையத் தொற."

திறந்தேன். தயிர் சாதம், மாவடு. முகர்ந்து பார்த்துவிட்டு மாவடு ஒன்றை எடுத்துக்கொண்டார். "சாம்பிளு" என்றார். அதற்குப் பிறகு தினமும் என் டிபன் பாக்ஸில் ஏதாவது ஒன்று குறையும். மேலதிகாரிகள் யாரும் என்னை இவ்வளவு ஒழுங்காகச் சோதனை போட்டதில்லை.

இப்படி நாங்கள் நொண்டியடித்துக்கொண்டிருந்தபோது, தன்னால் நடத்த முடியாததை நடத்தத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று அரசுக்குத் தோன்றியது. சென்னையில் ஒரு கம்பெனி முன்வந்தது. ஆணையும் வந்தது. வந்த பிறகுதான், எங்கள் கட்டடத்தின் கிழக்குப் பாதி ஒரு சர்வே நம்பரிலும் மேற்குப் பாதி இன்னொரு சர்வே நம்பரிலும் நிற்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். எனவே கிழக்கு உடனடியாகத் தனியாருக்கு, மேற்கு விரைவில் என்று முடிவானது. அரசு பாஷையில் விரைவில் என்றால் என்ன என்பதை என்னைப் போல் சம்பளம் வாங்கியவர்களிடம் கேளுங்கள்.

கம்பெனியின் கான்ட்ராக்டர் வராந்தாவின் குறுக்கே மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கிழக்கே வழுக்குகிற டைல்ஸ், ஏசி, எலுமிச்சை வாசனை, தங்கத்தான் இன்னும் ஆள் இல்லை. மேற்கே பழைய சிவப்புத் தரை, பழைய வாசனை, பழைய ஆட்கள். இதில் யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. சமையல்கட்டு கிழக்கே மாட்டிக்கொண்டது, தண்ணீர் மோட்டார் மேற்கே தங்கிவிட்டது. அரசுத் தண்ணீர் இல்லாமல் தனியார் உலை கொதிக்காது, தனியார் சாம்பார் இல்லாமல் அரசுத் தொண்டையில் இட்லி இறங்காது.

அன்று காலையில் செக்போஸ்ட் அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இழந்த உத்தியோகம் தன்னைத் தேடி வராந்தா வரைக்கும் வந்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கோட்டின் மேல் ஒரு மூங்கில் கட்டை முளைத்துவிட்டது. ஒரு முனையில் பாரத்துக்குச் செங்கல் கட்டிய சாக்கு. மறுமுனையில் துணி காயப்போடும் நைலான் கயிறு. வெள்ளைப் பட்டைக்கு பேண்டேஜ் துணியைச் சுற்றியிருந்தார். சிவப்புப் பட்டைக்கு, மருந்தறையில் என்றைக்கோ கெட்டியாகிப்போன டிங்சர்.

மறுநாளிலிருந்து தண்ணீர் கிழக்கே போனாலும் சாம்பார் மேற்கே வந்தாலும் கட்டை இறங்கும்.

"இன்னா லோடு?" என்பார் செக்போஸ்ட்.

"தெரியலையா தாத்தா? சாம்பார்" என்பார் கேட்டரிங் ஆள்.

"சாம்பாரா? காய் எங்க கீது? இது ரசம். சரக்கு ஒண்ணு, சொல்றது ஒண்ணா? ஓரமா நிறுத்து."

இரண்டே வாரத்தில் சாம்பாரில் முருங்கைக்காய் தென்பட ஆரம்பித்தது. நான் அதற்காக எழுதிய கடிதங்களால் முடியாதது.

இந்த எல்லையில் அவருக்குப் பயப்படாத ஒரே ஆள் மேரி. கோட்டை ஒட்டி, மேற்குப் பக்கம் முதல் கட்டிலில் படுத்திருப்பார். இளவயதில் கும்மிடிப்பூண்டி வயல்களில் நாற்று நட்டவர். வயலெல்லாம் ஃபேக்டரி ஆனபோது, தான் நட்ட இடத்திலேயே ஒரு கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கப் போனார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, எழுந்து உட்காரக்கூட முடியாது. வாய் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வேலை செய்தது.

"யோவ் செக்போஸ்ட்டு, ஆறிப்போன இட்லிக்கு இன்னாய்யா சாம்பிளு? பசிக்குது, வுடுய்யா."

"ரூல்ஸு மேரி. வாயத் தொற."

எடுத்த சாம்பிளில் பாதி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஊட்டிவிடுகிற ஆயா மற்ற கட்டில்களை முடித்துக்கொண்டு மேரியிடம் வருவதற்குள் நாஷ்டா நேரமே முடிந்துவிடும். கோட்டில் நின்றபடியே செக்போஸ்ட் அவர் வாயில் இட்லியை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் கட்டையைத் தூக்குவார்.

ஆச்சரியமாக, விரைவில் என்பது ஒருநாள் வந்தேவிட்டது. மேற்கையும் எடுத்துக்கொள்ளக் கம்பெனி தயார். ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் திட்டத்துக்கு நடமாடுகிற முதியவர்கள்தான் ஒத்துவருவார்களாம். தோட்டத்தில் கூழாங்கல் பதித்து நடைபாதைகூடப் போட்டுவிட்டார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற எட்டுப் பேர், மேரியும் அதில் சேர்த்தி, இரண்டு மாவட்டம் தள்ளி இன்னொரு அரசு இல்லத்துக்குப் போக வேண்டும். அந்த இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் இல்லம் நட்சத்திர ஓட்டல்.

கம்பெனி மேனேஜர் டை கட்டிய இளைஞர், நல்ல பிள்ளை, எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். வார்டில் அவரே விஷயத்தைச் சொன்னார்.

"தாத்தா, நீங்க நல்லா நடக்கறீங்க. உங்களுக்கு ஏசி ரூம்."

"அப்போ மேரி?"

"அவங்க வேற ஹோமுக்குப் போறாங்க தாத்தா. நாளைக்கு வேன் வருது."

செக்போஸ்ட் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "அப்டி போவ முடியாது நைனா. இந்த வார்டு மொத்தமும் ஒரே லோடு. சீல் வெச்சது. பாதியில பிரிச்சி பாதிய அனுப்பறதுக்கு ரூல் கெடையாது."

"இது லாரி இல்ல தாத்தா."

"லாரிக்கே கெடையாதுன்றேன். மனுசனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேரி அன்று யாரையும் திட்டவில்லை. வார்டே ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை. பதறிப்போய் உள்ளே ஓடினேன். செக்போஸ்ட்டின் கட்டில் கோட்டுக்குப் பக்கத்தில், மேரி கட்டிலை ஒட்டி வந்திருந்தது. அதில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். கட்டை இறங்கியிருந்தது. கயிற்றின் நுனி கட்டில் காலில் கட்டியிருந்தது.

"இன்னா பெரியவரே, உடம்புக்கு என்ன?"

"காலு வரல சாரு."

"நேத்துகூட நடந்தீங்களே."

"நேத்து வந்துச்சு."

சுற்றிலும் பார்த்தேன். வார்டில் ஒருத்தருக்கும் கால் வரவில்லை. தினமும் விடிந்ததும் வளாகத்தைச் சுற்றி ஓடுகிற பி.டி. வாத்தியார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் படுத்திருந்தார். டீ வந்ததும் பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்துவிட்டார். "வாத்தியாரே, உங்களுக்குக் காலு வரல" என்றார் மேரி. வாத்தியார் அப்படியே திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேன் வந்தது. டிரைவர் எளாவூர்க்காரர். உள்ளே எட்டிப் பார்த்தவர் கட்டையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கட்டிலில் இருந்த ஆளைப் பார்த்தார். "ஐயய்யோ, இவரா? இவுரு தூக்காம போவ முடியாது சார், பேஜாரு" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனவர் போனவர்தான்.

மேனேஜர் என்னிடம் வந்தார். அன்று சிரிப்பு இல்லை.

"சார், இவங்கெல்லாம் நடப்பாங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க."

"நான் டாக்டர் இல்ல தம்பி."

"அப்போ டாக்டரைக் கூப்பிடுங்க."

"பணியிடம் காலி."

"எப்ப சார் போடுவாங்க?"

"விரைவில்" என்றேன்.

அரசு இயந்திரத்தின் மேல் எனக்குப் பெருமிதம் வந்தது அந்த ஒரு நாள்தான்.

மழைக்காலம் முழுக்க இது இழுத்தது. சாம்பாரும் தண்ணீரும் போகவர, செக்போஸ்ட் படுத்த வாக்கிலேயே கயிற்றை இழுத்துக் கட்டையைத் தூக்கினார். "இன்னா லோடு?" என்ற குரல் மட்டும் கட்டிலிலிருந்து வரும். கம்பெனியின் நடைபாதையில் காக்கா மட்டும் நடந்தது. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று, பெரிய அதிகாரி வருகிறார், நடமாடும் முதியவர் என்று காட்ட ஓர் ஆள் இல்லை. கடைசியில் மேலிடத்தில் பேசிவிட்டு வந்த மேனேஜர், "எல்லாரையும் எடுத்துக்கறோம் சார். எட்டுப் பேரையும் சேர்த்து. தயவுசெஞ்சு மத்தவங்கள எழுந்திருக்கச் சொல்லுங்க" என்றார். வாசலில் 'அனைவருக்கும் அரவணைப்பு' என்று பேனர் கட்டினார்கள். எல்லாம் கம்பெனியின் பெருந்தன்மை என்று விழாவில் பேசினார்கள், நானும் கை தட்டினேன்.

செய்தி வார்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் கால் வந்துவிட்டது. பி.டி. வாத்தியார் ஓடியேவிட்டார். செக்போஸ்ட் மட்டும் படுத்திருந்தார்.

"பெரியவரே, ஜெயிச்சாச்சு. எழுந்திருங்க."

"காலு வரல சாரு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம்தான் கவனித்தேன், அவர் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ராத்திரி விளக்கணைந்ததும் எழுந்து நடந்துகொண்டார்கள், இவர் கயிற்றை விடவேயில்லை. அந்த வயதில், அத்தனை நாள் அசையாமல் கிடந்ததில் முட்டி இரண்டும் இறுகிவிட்டன. மேரிதான் பேசினார்.

"நடிச்சவன் எல்லாம் நடிச்சிட்டு எழுந்து போய்க்கினே கீறான். இந்த ஆளுக்கு ஒழுங்கா நடிக்கக்கூடத் தெரியல சார்." சொல்லிவிட்டு நல்ல கையால் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

இல்லம் முழுசாகக் கைமாறியது. என்னைத் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்போஸ்ட்டைப் பார்க்கப் போனேன். மஞ்சள் கோட்டின் மேல் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். மூங்கில் கட்டையை மட்டும் எடுக்க முடியவில்லையாம். எடுக்கப் போன அன்றைக்கு மறுபடி யாருக்கும் கால் வரவில்லை என்று கேள்வி. இப்போது அதற்குக் கம்பெனியே நல்ல பெயின்ட் அடித்து, விளம்பரத்தாளில் படமாகவும் போட்டிருக்கிறது. தன் முட்டிக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் அவர், எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், பையில் என்ன லோடு என்று தினமும் கேட்கிறாராம். அவளும் தினமும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறாளாம்.

நானும் பதில்களைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். திருவள்ளூரிலிருந்து வருகிறேன். உங்களைப் பார்க்கப் போகிறேன். லோடு மசால்வடை, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கியது. வராந்தாவில் திரும்பியதும் தூரத்தில் அவர் கட்டில் தெரிந்தது, பக்கத்தில் மேரியின் கட்டில். கட்டை இறங்கியிருந்தது. அவர் தலையைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

நான் பாதி வராந்தாகூட வரவில்லை. கட்டை மேலே போய்விட்டது.

உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "இன்னா பெரியவரே, எங்கேர்ந்து வர்றேன்னு கேக்கல, பையத் தொறன்னு சொல்லல?"

"நம்ம வண்டிக்கு இன்னா சாரு கேள்வி" என்று சொல்லிவிட்டு மேரிக்காக வடையில் பாதியைப் பிட்டார்.

இத்தனை வருஷ அரசு உத்தியோகத்தில் எனக்குப் பதவி உயர்வுகள் சில வந்திருக்கின்றன. கண் கலங்க வாங்கிக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.