பதின்மூன்று ஆண்டுகளை இழந்த மன்னரும் ஒன்றையும் இழக்காத ஞானப்பிரகாசமும்

'அப்பவே சொன்னவர்' என்றொரு மனித இனம் உண்டு, வாசகரே. நடப்பதற்கு முன் அவர் சொன்னதை எவரும் கேட்டதில்லை. நடந்த பின் அவர் சொல்லாமல் விட்டதும் இல்லை.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஞானப்பிரகாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விடுமுறையில் எகிப்துக்குப் போய், ஒட்டகத்தில் ஏறி, வயிறு கெட்டுத் திரும்பியவர், அன்றிலிருந்து அந்நாட்டுப் பண்டைய மன்னர் வரிசையைத் தலைகீழ்ப் பாடமாக ஒப்பிப்பார். யார் எத்தனை ஆண்டு ஆண்டார்? அவரைக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

2006இல் தேவாலய மண்டபத்தில் அவருடைய பேச்சு. ஹொரெம்ஹெப் என்ற மன்னர் இருபத்தேழு ஆண்டுகள் ஆண்டார் என்று மேசையில் தட்டிச் சொன்னார். பின்வரிசையில் சிவகுருநாதன் எழுந்தார். ரயில் பெட்டிகளைத் துப்புரவு செய்பவர். அகதி விடுதியில் ஞானப்பிரகாசத்தோடு ஒரே அறையில் மூன்று குளிர்காலம் கிடந்தவர்.

"அண்ணை, அவ்வளவு காலம் ஆண்டதுக்கு ஆதாரம் காணாதெண்டு ஒரு புத்தகத்தில வாசிச்சனான்."

"நீர் ரயிலைக் கழுவும், தம்பி. ராசாக்களை நான் பாக்கிறன்."

மண்டபம் சிரித்தது. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியேறிய சிவகுருநாதன் இரண்டு ஆண்டுகள் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

பிறகு அந்த மன்னரின் கல்லறையை மறுபடி துப்புரவாகத் தோண்டினார்கள். உடைந்த மதுச் சாடிகள் கிடைத்தன. ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு மது என்று அவற்றில் எழுதியிருந்தது. பதினான்குக்கு மேல் ஒன்றுகூட இல்லை. மூவாயிரம் ஆண்டுகளாக நிம்மதியாகக் கிடந்த மனிதரிடமிருந்து நாலு ஓட்டுத் துண்டுகள் பதின்மூன்று ஆண்டுகளைப் பறித்துக்கொண்டன; அக்கம்பக்கத்து மன்னர்களின் தேதிகளும் ஆட்டம் கண்டன.

ஞானப்பிரகாசம் ஆடினாரா? செய்தியைப் பத்திரிகையில் பார்த்த காலையே மனைவி பேர்பெச்சுவாவிடம் அறிவித்தார்: "பதினாலுதான் எண்டு நான் அப்பவே சொன்னனான்!"

பேர்பெச்சுவா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்கள் சொல்லேல்லை. சிவம் சொன்னவர். அவரைத்தான் சபையில அவமானப்படுத்தினனீங்கள். போய் மன்னிப்புக் கேளுங்கோ."

போனார். வழியெல்லாம் உண்மையாகவே வெட்கப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கதவு திறந்தது. சிவகுருநாதனின் தலை நன்றாக நரைத்திருந்தது. ஞானப்பிரகாசத்துக்குக் கண் கலங்கியது, வாய் மட்டும் பழகிய பாதையில் போயிற்று.

"சிவம், நீர் சரியாத்தான் சொல்லுவீர் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

சிவகுருநாதன் கதவை அகலத் திறந்தார்.

"ஓம் அண்ணை. உள்ள வாங்கோ. ஆனால் கதைக்காம வாங்கோ."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், "இது இப்படித்தான் முடியுமென்று எனக்குப் பாதியிலேயே தெரியும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள்.