பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

ஒரு காட்டில், இரை கிடைக்காமல் போனாலும் போகட்டும், கல்யாணத்துக்கு வீடியோ இல்லாமல் போகக் கூடாது என்றொரு வழக்கம் வந்துவிட்டிருந்தது. அங்கே வீடியோ எடுத்து, எடிட் செய்து பிழைத்துவந்தது பூவலிங்கம் என்ற கீரி. பாம்போடு மல்லுக்கட்டுகிற தைரியம் அதற்கு உண்டு. ராகுகாலத்தோடு மல்லுக்கட்டத்தான் இல்லை.

சிங்கராஜா மகளின் கல்யாணத்தை மூன்று நாள் படம்பிடித்து, ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவைத்திருந்தது. எடிட் செய்ய இடம் போதவில்லை. அதே கம்பெனி, அதே கறுப்பு நிறத்தில் இன்னொன்று வாங்கிவந்தது.

பக்கத்துப் பொந்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆமை நிதானமுத்து எட்டிப் பார்த்தது.

“பூவு, புதுசை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி பழசைக் கழட்டி வச்சிரு. ரெண்டுக்கும் தனித்தனியா பேர் வை. கல்யாணத்தை இன்னும் ரெண்டு இடத்துல காப்பி போட்டுக்க. நான் எப்பவும் மூணு வச்சிருப்பேன்.”

“பேர் வைக்கிறதெல்லாம் வளர்பிறையிலதான் அண்ணே. இன்னிக்கு ஃபார்மேட்டுக்கு மட்டுந்தான் நேரம் நல்லாருக்கு.”

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நல்லது சொல்கிற எல்லோருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை.

கீரி புது டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு வைத்தது. பழசு கோபித்துக்கொள்ளுமே என்று அதற்கும் வைத்தது. ‘கல்யாணம்’ என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டின் மேலேயே, தாராளமாக. இரண்டையும் கம்ப்யூட்டரில் சொருகி, எலுமிச்சம்பழம் சுற்றி நசுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால், திரையில் இரண்டும் பெயரில்லாமல் ஒரே மாதிரி நின்றன. ஒன்றைத் தொட்டது. ‘எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. நல்ல நேரம் முடிய ஒரு நிமிஷம்தான் பாக்கி. உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கவா முடியும்? கீரி குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு சம்மதம் கொடுத்தது.

பிறகு திறந்து பார்த்தது. புது டிஸ்க் காலி. பழசும் காலி.

கீரி அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓடவிட்டது. அது ஒரு வாரம் ஓடி, பந்தியில் கரடி மூன்றாம் முறை பாயசம் கேட்கிற பதினோரு நொடியை மட்டும் மீட்டுக் கொடுத்தது. மகள் கல்யாணத்தைத் தொலைத்தவனைச் சிங்கம் கோர்ட்டுக்கெல்லாம் இழுக்காது. மத்தியானச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளும். எப்படியும் சாவுதான், உண்மையைச் சொல்லிவிட்டே சாவோம் என்று காலி டிஸ்க்கைத் தாம்பூலத் தட்டில் வைத்து அரண்மனைக்குப் போனது கீரி.

“மகாராஜா, இதுல ஒண்ணு சொல்லணும்...”

“மூணு நாள் கல்யாணமும் இதுக்குள்ளயா!” சிங்கம் டிஸ்க்கைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தது. “நல்ல கனமாத்தான் இருக்கு. பொட்டெல்லாம் வச்சுக் கொண்டாந்திருக்கான் பாரு, மரியாதை தெரிஞ்ச பய!”

ராணிச் சிங்கம் அதை வாங்கி, ஷோகேஸில் மான்கொம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியது. கீரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சொல்லத் திறந்த வாயைக் கீரி மெல்ல மூடிக்கொண்டது.

அதே மாதம் மந்திரி நரி வீட்டுக் காதுகுத்து வீடியோவை ஆமை ஒரு நொடி குறையாமல் கொடுத்திருந்தது. பாவம், நரி அதை முழுசாகப் பார்த்துவிட்டது. மச்சான் ஏன் இரண்டே இடத்தில் வருகிறான், மாமியார் ஏன் இத்தனை இடத்தில் வருகிறாள், என் வால் ஏன் இளைத்துத் தெரிகிறது என்று நாற்பத்தேழு திருத்தம் சொல்லி அனுப்பியது. “அதான் மூணு காப்பி வச்சிருக்கீரே, மறுபடி பண்ணும்!”

வருஷம் இரண்டு ஓடியது. சிங்கத்தின் பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. வீடியோவை யாருக்குக் கொடுப்பது என்று சபையில் பேச்சு எழுந்தது.

“பூவலிங்கத்துக்குத்தான்!” என்றது சிங்கம். “கல்யாண வீடியோவுல இன்னிவரைக்கும் எவனாவது ஒரு குறை சொல்லியிருப்பானா?”

வெளியே வந்ததும், இளைத்து வெறும் ஓடாகிப்போன ஆமை கீரியை ஓரங்கட்டியது.

“உனக்கு மட்டும் எப்படிப்பா ஒரு திருத்தம்கூட வரல?”

கீரி காதோடு காதாகச் சொன்னது. ஆமை பிறந்ததிலிருந்து நடக்காத வேகத்தில் வீட்டுக்கு நடந்தது. மூன்று டிஸ்க்கையும் வரிசையாக எடுத்துவைத்து, சந்தனம் குழைக்க உட்கார்ந்தது.

நீதி: மூன்று இடத்தில் சேமித்து வைக்கிறவன் ஆயுசு முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பான், நல்ல நேரம் பார்த்து அழிக்கிறவன் பொன்னாடையோடு வீடு திரும்புவான்.