உங்க பிரவுசரைக் கொஞ்சம் பார்க்கலாமா?

பிரவுசர் வைத்தியர் என்றோர் இனம் நம்மிடையே பெருகிவருகிறது. இணையத்தில் நாலு விஷயம் பார்க்க ஏதாவது ஓர் உலாவி இருந்தால் போதும் என்று நிம்மதியாக வாழ்கிற உங்களையும் என்னையும் கண்டால் இவர்களுக்குப் பொறுக்காது. கணினி வாங்கியபோதே உள்ளே இருந்ததைப் பயன்படுத்தினால் நாம் சோம்பேறி. ஊரெல்லாம் பயன்படுத்துவதைப் பயன்படுத்தினால் ஆட்டுமந்தை. போன வருடம் இவர்களே போட்டுக் கொடுத்ததைப் பயன்படுத்தினால்? "ஐயோ, இன்னுமா இத வச்சிருக்கீங்க!"

மலேசியாவின் கூலிமில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்புக்கு வாய்த்த வைத்தியர் யோகேந்திரன். பிழைப்புக்கு ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கிறார். பிறவி எடுத்தது இதற்காக. வீட்டுக்குள் நுழைந்தால் நம் முகத்தைப் பார்க்கமாட்டார். எங்கே திரை மினுங்குகிறது என்றுதான் கண் அலையும். கோலா கெத்திலில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிக்கொண்டே, "தம்பி, போன்ல எந்த பிரவுசர் வச்சிருக்க?" என்று கேட்டவர் இவர். மாப்பிள்ளை விழித்தார். மணப்பெண் போனை முந்தானைக்குள் ஒளித்தாள். விவரமான பெண்.

வைத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் பெருமூச்சு. பிறகு நாக்கை "ச்சு" கொட்டுதல். பிறகு பீதி: "நீங்க தேடுறது எல்லாத்தையும் ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான், தெரியுமா?" சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறாமல் இருக்க என்ன செய்வது என்று பக்கத்து வீட்டு அகத்தா அக்கா தேடியதை ஒருவன் பார்த்தால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அது தனியாக அரை மணி நேரம்.

அதன்பின் அறுவை. காலங்காலமாக மேலே இருந்த டேப்களைப் பிடுங்கி இடதுபக்கம் நடுவார். வெள்ளையாக இருந்ததைக் கறுப்பாக்குவார். விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று, அனுமதி கேட்கும் பெட்டிகளை விரட்ட ஒன்று, அந்த மூன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கண்காணிக்க நாலாவதாக ஒன்று என வரிசையாக இறக்குவார். கடைசியில், பினாங்குக் கொடிமலைக்கு மேல் குளிரே அறியாத நமக்கு முகப்புப் பக்கத்தில் ஒரு பனிமலைப் படத்தை மாட்டிவிட்டு, "இப்ப ஸ்பீட பாருங்க" என்பார். பார்த்தால் பக்கம் பழைய வேகத்தில்தான் திறக்கும். திரும்பிப் போகிற அம்புக்குறியைத்தான் காணோம்.

எங்கள் தெரு ஹெர்பர்ட் அண்ணனைக் கேளுங்கள். பாவம், கணினியில் அவர் பார்ப்பது மரண அறிவித்தல் ஒன்றுதான். வேகம் கூடட்டும் என்று நம் வைத்தியர் அதில் படங்கள் வராமல் செய்துவிட்டுப் போனார். மறுவாரம் அறிவித்தலில் தெரிந்தவர் பெயர் இருந்தது, புகைப்படம் இல்லை. ஹெர்பர்ட் அண்ணன் மலர்வளையத்தோடு பக்கத்து ஊரான கரங்கானுக்குப் போய்க் கதவைத் தட்ட, அவருடைய இருபது வருட நண்பரே முழு ஆரோக்கியத்துடன் கதவைத் திறந்தார். செத்தது அதே பெயருடைய வேறொருவர்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ரூபினி விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர்வீட்டு ஷாமளாவின் மகள் அவள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்தவள். அன்று பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் கதவடைப்பு. விண்ணப்பத் தளக் கணக்கு தாயின் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்தது. ஒவ்வொருமுறை உள்ளே நுழையும்போதும் அந்த எண்ணுக்குத்தான் டேக் நம்பர் என்கிற ஆறு இலக்க ஒருமுறைக் கடவெண் வரும். ஷாமளாவுக்கு அன்று காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை ஷிப்ட். உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் கம்பெனி பஸ் வருமுன்பே நம்பரைப் போட்டு மடிக்கணினியில் விண்ணப்பத்தைத் திறந்துகொடுத்துவிட்டு, "இத மூடிறாதடி. நான் உள்ள போயிட்டா போன் லாக்கர்ல கிடக்கும்" என்று இரண்டுமுறை சொல்லிப்போனார்.

படிக்க விரும்பும் பாடங்களின் வரிசையைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று ரூபினி காத்திருந்தாள். மூன்று மணிக்கு ஆசிரியர் பதில் சொன்னார். வரிசையை மாற்றிச் சேமித்தாள். இனி அனுப்ப வேண்டியதுதான். ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க யோகேந்திரன் வந்தார்.

"என்னா ரூபினி, இவ்ளோ ஸ்லோவா இருக்கு?"

"ஸ்லோ இல்ல அங்கிள். நான் இன்னும் ஒண்ணும் கிளிக் பண்ணல."

"அதான்மா சொல்றேன். கிளிக் பண்றதுக்கு முன்னாடியே ஸ்லோ. நவுரு, அஞ்சு நிமிஷம்லா."

"வேணாம் அங்கிள், அம்மா மூடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் எங்கம்மா மூடுறேன்? ரீஸ்டார்ட் பண்றேன். மூடுறது வேற, ரீஸ்டார்ட் வேற."

பெரியவர் நின்றுகொண்டிருக்க, சின்னப் பெண் எப்படி உட்கார்ந்திருப்பாள்? எழுந்தாள். அவர் உட்கார்ந்தார். மூடும்போது எல்லாத் தடயங்களையும் துடைத்துவிட வேண்டும் என்று ஓரிடத்தில் டிக் செய்தார். பிறகு ரீஸ்டார்ட் செய்தார். உலாவி சொன்னபடி செய்தது. பனிமலை வந்தது, விண்ணப்பம் போனது. மறுபடி நுழையப் பார்த்தால் டேக் நம்பர் கேட்டது.

"அலாமா! நம்பர் யாருக்குப் போச்சு?"

"அம்மா போனுக்கு."

"போன் பண்ணி கேளுலா."

"அந்தப் போனுதான் அங்கிள் லாக்கர்ல இருக்கு!"

வேறு எவராயிருந்தாலும் இந்த இடத்தில் முகம் வெளுத்திருக்கும். நம்மாள் நாற்காலியில் சாய்ந்து, பெருமை பொங்கச் சொன்னார்: "பாத்தியா, எவ்ளோ செக்யூர்! உன்னாலயே உள்ள போக முடியல."

ரூபினி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் பறந்தாள். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா அடையாள அட்டை கேட்டு, காரணம் கேட்டு, உள்ளே போன் போட்டு, சூப்பர்வைசர் முணுமுணுத்து, ஷாமளா வெள்ளை அங்கியைக் கழற்றி, தலைமுடி வலையைக் கழற்றி, லாக்கரைத் திறந்து ஓடிவந்தபோது மணி நாலு நாற்பது. அந்த வாசலில் நின்றபடியே, அம்மாவின் போனிலேயே, எவரும் வைத்தியம் பார்த்திராத உலாவியில், குறுக்கே வந்த செருப்பு விளம்பரத்தை ஒருமுறை தள்ளிவிட்டு, நாலு நாற்பத்தெட்டுக்கு விண்ணப்பத்தை அனுப்பினாள். மகளுக்கு வேலை முடிந்தது. வேலை நேரத்தில் இடத்தைவிட்டுப் போனதற்காகத் தாய்க்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, பதினோரு வருடத்தில் முதல் கடிதம்.

ரூபினி வீடு திரும்பியபோது வைத்தியர் அதே நாற்காலியில்தான் இருந்தார். "பட்டன் கலர் நீலமா பச்சையாம்மா?" என்றார்.

இரவு கடிதத்தோடு வந்திறங்கிய ஷாமளா நேரே அவர் வீட்டுக்குப் போனார். திருப்பிக் கொடுக்க வந்த ஏணி, மறதியில் அவரோடேயே திரும்பி வாசலில் சாய்ந்திருந்தது. சத்தம் போடவில்லை. "அண்ணே, அந்த ஏணிய நீங்களே வச்சுக்குங்க. எதையும் திருப்பிக் குடுக்க எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

இவ்வளவும் படித்தபின் உங்கள் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி எது? ரூபினிக்கு இடம் கிடைத்ததா என்பதென்றால், நீங்கள் எங்கள் வீட்டுக்குத் தாராளமாக வரலாம். மாறாக, 'அந்த ஆள் எந்த பிரவுசரைப் போட்டான்? எழுதியவர் பெயரே சொல்லவில்லையே! அந்த டிக்கை மட்டும் எடுத்திருந்தால் போதுமே, அதைவிட நான் வைத்திருப்பது...' என்று உங்கள் விரல் துடிக்கிறதா?

அப்படியானால் நீங்களும் வரலாம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கணினியைக் கட்டிலுக்கு அடியில் தள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.