ஒரு டாங்குக்கு ஒரு ஆள்

ஞானரட்ணத்தின் காரில் ஏறுகிறவர்கள் முதலில் தங்கள் கைப்பையைப் பற்றி யோசிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, அது கட்டாயம் வரத்தான் வேண்டுமா என்று அவர் கேட்பார். பாரம் கூடினால் பெற்றோல் கூடும். இது அவருடைய மதம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவது அவர் மனைவி மேரிகிறேசின் மதம்.

மார்கழிக் குளிரிலும் காரில் ஹீற்றர் போடமாட்டார். பெற்றோல் முடியப்போகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தால்தான் முகத்தில் களை வரும். அந்த விளக்கோடு ஒருமுறை டென்மார்க்கின் சில்க்போர்க்கிலிருந்து ஒடென்சே வரை ஓடியதாக எல்லோருக்கும் சொல்வார். ஓடியதை அவர் சொல்வார். கடைசித் தூரம் தள்ளியதை மேரிகிறேஸ் சொல்வாள்.

அப்படிப்பட்டவர் இந்தத் தை மாதம் ஒரு பெரிய முடிவெடுத்தார். பனி விடுமுறைக்கு சுவீடனுக்குப் போகும்போது ஸ்னோ ஸ்கூட்டர் ஓடுவது. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பட்டி வைத்து, பனிக்கு மேலே பறக்குமே, அந்த வாகனம். டென்மார்க்கில் அதற்கு வழியில்லை. சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் வானமலை என்று பேர் வைத்த ஒரு மேடு இருக்கிறது. மூச்சு வாங்குமுன் உச்சி வந்துவிடும். பனியும் காலையில் விழுந்து மத்தியானம் சேறாகிவிடும்.

ஸ்கூட்டர் ஓடுவது முடிவின் முதல் பாதி. தனியாக ஓடுவது மறுபாதி.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் ஓட்டிய எந்த வாகனத்திலும் பக்கத்தில் மேரிகிறேஸ் இருந்திருக்கிறாள். “மெதுவா.” “அங்கை சிவப்பு.” “சைக்கிள்காரன் வாறான்.” “மெதுவா எண்டெல்லோ சொன்னனான்.” ஒரேயொரு நாள், அந்த ‘மெதுவா’ காதில் விழாமல் ஒரு வாகனம் ஓட வேண்டும். ஞானரட்ணம் வாழ்க்கையில் ஆசைப்பட்டதெல்லாம் இவ்வளவுதான். கதவு செய்யும் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரர் எல்லோருக்கும் மலை, பனி, தான் என்று கையால் காட்டிச் சொல்லியும் விட்டார்.

இதை வீட்டில் நேராகச் சொல்ல முடியுமா? சொன்னவர்கள் யாரும் இதுவரை இல்லை. எனவே அவர் விஞ்ஞானத்தைத் துணைக்கு எடுத்தார். ஒரு சனிக்கிழமை, மேசையில் ஒரு ஜொக்குத் தண்ணீரும் நாலு கிளாசும் கொண்டுவந்து வைத்தார்.

“இஞ்சை பாரும். இதுதான் ஸ்னோ ஸ்கூட்டரின்ரை டாங்க். நாப்பது லிட்டர்.”

“அது ஒண்டரை லிட்டர் ஜொக்கு.”

“கணக்குக்கு நாப்பது எண்டு வைச்சுக்கொள்ளும். மலையிலை ஒரு குடில் இருக்கு. வாஃபிள் சுட்டுக் குடுப்பினம். போய்வர நூறு கிலோமீற்றர். ஒரு ஆள் போனால் இருபது லிட்டர். சரியா அரை டாங்க்.” முதல் கிளாசில் பாதி ஜொக்கை ஊற்றினார். கிளாஸ் நிரம்பி மேசையில் வழிந்தது. அதை விஞ்ஞானம் கவனிக்கவில்லை.

“சரி.”

“இப்ப நீர் பின்னுக்கு ஏறுறீர்.” இரண்டாவது கிளாசும் நிறைந்தது. “இன்னொரு பத்து லிட்டர் போச்சு.”

“நான் அம்பத்தெட்டுக் கிலோ. நீங்கள் தொண்ணூறு.”

“என்ரை பாரம் முதல் இருபதுக்குள்ளை அடங்கிப்போச்சு. உம்மடைதான் மேலதிகப் பாரம்.”

மேரிகிறேஸ் இதை ஒருகணம் யோசித்துப் பார்த்தாள். “மிச்சம் பத்து இருக்கே,” என்றாள்.

“எங்கை இருக்கு? புதுப்பனி எண்டால் பட்டி புதையும். அதுக்கு ஒரு அஞ்சு. குளிருக்கு ரெண்டு. நீர் படம் எடுக்கவேணும் எண்டு நிப்பாட்டச் சொல்லுவீர். எஞ்சின் சும்மா நிண்டு ஓடும். அதுக்கு மூண்டு.” மிச்சக் கிளாசுகளையும் நிறைத்துவிட்டு ஜொக்கைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. “நடுமலையிலை நிக்கிறம். சுத்திவரப் பனி. பெற்றோல் ஸ்டேசன் இல்லை. ஓநாய் இருக்கு.”

“ஓநாய்க்கு எத்தினை லிட்டர்?”

“பகிடி விடாதையும். உயிர் விசயம்.”

மேரிகிறேஸ் பகிடி விடவில்லை. துணி எடுத்து மேசையைத் துடைத்தாள். கிளாஸ் தண்ணீரை எல்லாம் யன்னலடியில் நின்ற கறிவேப்பிலைச் சாடிக்குள் ஊற்றினாள். பிறகு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்ப ஒரு டாங்குக்கு ஒரு ஆள்.”

“ஒரு ஆள்.”

“பாரம் குறைஞ்ச ஆள் எண்டால் இன்னும் நல்லம்.”

“விஞ்ஞானப்படி ஓம்.”

“அக்சிலேற்றரை மெல்லமா அமத்திற ஆள் எண்டால்?”

“எல்லாத்திலும் முக்கியம் அதுதான்.”

“மற்ற ஆள் வீட்டிலை நிண்டு சமைக்கிறது.”

“ஆரோ ஒராள் சமைக்கத்தானே வேணும்.”

“ஓம். ஆரோ ஒராள் சமைக்கத்தான் வேணும்,” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போகும் உடுப்பை மினுக்கப் போய்விட்டாள்.

மேரிகிறேஸ் எதையும் இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டது கிடையாது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பார். ஞானரட்ணம் தொழிற்சாலை நண்பர்களுக்கு ஸ்கூட்டர் படம் ஒன்று அனுப்பிவிட்டு, குளிர்க்கண்ணாடி எந்த நிறத்தில் வாங்கலாம் என்று பார்க்கத் தொடங்கினார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தெரியாது என்பதைவிட, அவர் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. ஓகூஸ் நகரில் இருக்கும் நண்பர் மகேந்திரராசாவும் அவர் மனைவி பிரியந்தியும் ஞானரட்ணமும் மேரிகிறேசுமாகச் சேர்ந்துதான் வருசாவருசம் சுவீடனுக்குப் போவார்கள். அரிசிப்பை போகும். இடியப்ப உரல் போகும். உறையவைத்த ஆட்டிறைச்சி போகும். அந்தப் பாரத்துக்கு மட்டும் ஞானரட்ணம் வாய் திறக்கமாட்டார். ஆண்கள் பனியில் உருண்டுவிட்டுப் பசியோடு வருவார்கள். பெண்கள் இருவரும் இத்தனை வருசமாக சுவீடன் பனியைக் குசினி யன்னலால்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் புட்டு ஆவி படியாத நேரத்தில். மேரிகிறேசுக்கு அது நெஞ்சில் கிடந்தது.

அடுத்த வார ஞாயிறு மகேந்திரராசாவும் பிரியந்தியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள்.

“இவர் ஸ்கூட்டருக்கு ஒரு கணக்கு வைச்சிருக்கிறார்,” என்றாள் மேரிகிறேஸ், சோறு போட்டபடி. “சொல்லுங்கோப்பா. ரெண்டு பேரும் கேக்கட்டும்.”

கேட்டால் விடுவாரா? ஜொக்கு மறுபடி வந்தது. நாற்பது, இருபது, பத்து, புதுப்பனி, குளிர், படம், ஓநாய் எல்லாம் வந்தன. முடிவில் எழுந்து நின்று தீர்ப்பும் சொன்னார்.

“ஒரு டாங்குக்கு ஒரு ஆள். இது நான் போட்ட சட்டமில்லை. டாங்க் போட்ட சட்டம்.”

“சரியாத்தான் இருக்கு மச்சான்,” என்றார் மகேந்திரராசா. அவர் வாயில் இறைச்சி இருக்கும்போது எதையும் மறுத்ததில்லை.

“பிறகு மாத்தமாட்டியளே அண்ணை?” என்று பிரியந்தி கேட்டாள்.

“விஞ்ஞானம் மாறுமோ?”

“அப்ப இப்பவே போன் அடிச்சு ஸ்கூட்டரைச் சொல்லி வையுங்கோ,” என்றாள் மேரிகிறேஸ். “எல்லாரும் கேக்க சத்தமாப் போடுங்கோ.”

ஞானரட்ணம் அடித்தார். தன் டேனிஷை சுவீடன்காரருக்கு விளங்கும்படி பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் பெண்மணி ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

“ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்டும் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?”

“இல்லை. கார் லைசென்ஸ் இருக்கிறது. நான் நல்ல ஓட்டி.”

“அதுவும் சரிதான். இரண்டாயிரத்துக்கு முன்னம் எடுத்த கார் லைசென்ஸ் என்றால் சான்றிதழ் தேவையில்லை. நீங்கள் எப்போது எடுத்தீர்கள்?”

மகேந்திரராசாகூட மெல்லுவதை நிறுத்தினார்.

மேரிகிறேசுக்குக் கார் ஓடப் பழக்கியது தான்தான் என்று ஞானரட்ணம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நடந்தது வேறு. வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை கிடைத்தபோது, கார் இல்லாமல் முடியாது என்று மேரிகிறேசும் பிரியந்தியும் ஒன்றாகப் பழகி, தொண்ணூற்றொன்பதில் ஒன்றாகவே லைசென்ஸ் எடுத்தார்கள். ஞானரட்ணமும் சோதனைக்குப் போனார். பாதையில் இருந்த ஒரேயொரு இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூற்றலில் விட்டார். பெயில். அடுத்தமுறையும் அதே இறக்கம், அதே நியூற்றல். அந்த இறக்கத்தை அவர் கியரில் இறங்கிப் பாஸ் பண்ணியபோது இரண்டாயிரத்து மூன்று ஆகிவிட்டது.

“இரண்டாயிரத்து மூன்று,” என்றார், போனுக்கு மட்டும் கேட்கிற குரலில். போன் அதை வீடு முழுக்கச் சொன்னது.

“அப்படியென்றால் முடியாது. உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? பொறுங்கள், உங்கள் வீட்டுப் பதிவு ஏற்கெனவே இருக்கிறதே. மேரிகிறேஸ், பிரியந்தி. இரண்டு ஸ்கூட்டர். இரண்டு பேருக்கும் பழைய லைசென்ஸ். கணவன்மார் சமைப்பதற்கு வீட்டில் நிற்பார்கள் என்று சொன்னார்கள். நல்ல வழக்கம்.”

போன் வைக்கப்பட்டது.

“எப்ப சொல்லி வைச்சனீர்?”

“நீங்கள் ஜொக்கு வைச்சுக் காட்டினதுக்கு அடுத்த வேலைநாள். கோப்பி நேரம்.”

“மகேந்திரராசா, நீயாவது?”

“என்ரை லைசென்ஸ் ரெண்டாயிரத்து ஒண்டு. நான் உன்னை நம்பியெல்லோ இருந்தன்,” என்று சொல்லிவிட்டு மகேந்திரராசா இன்னொரு இறைச்சித்துண்டு எடுத்தார். அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஞானரட்ணத்துக்கு இருந்தது. தொழிற்சாலையில் அத்தனை பேருக்கும் கையால் மலை காட்டியவர். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இஞ்சை பாரும். நான் ஒண்டைச் சொல்ல மறந்துபோனன். பின்னுக்கு ஒரு பாரம் இருந்தால்தான் பட்டி பனியை நல்லாப் பிடிக்கும். பிடிச்சால் சும்மா சுத்தாது. சுத்தாட்டிப் பெற்றோல் மிச்சம். அப்ப நான் பின்னுக்கு ஏறினால் உண்மையிலை லாபம்.”

“புதுப்பனியிலை புதையாதே?” என்றாள் மேரிகிறேஸ்.

“இந்த வருசம் பனி இறுக்கம் எண்டு கதைக்கினம்.”

“ஓநாய் அண்ணை?” என்றாள் பிரியந்தி.

“அது அந்தப் பக்கம் குறைவு.”

மேரிகிறேஸ் எழுந்துபோய் ஜொக்கு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். “தொண்ணூறு கிலோவுக்கு எவ்வளவு எண்டு ஊத்திக் காட்டுங்கோ.”

அவர் ஜொக்கைப் பார்த்தார். ஐம்பத்தெட்டுக் கிலோவுக்குப் பத்து லிட்டர் ஊற்றிய கை அது. ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தார்.

பெப்ரவரியில் போனார்கள். சுவீடனில் வானம் நீலமாக இருந்தது. பனி, அவர் பொய்யாகச் சொன்னபடியே, இறுக்கமாக இருந்தது. வாடகை வீட்டு வாசலில் இரண்டு ஸ்கூட்டர்கள் உறுமிக்கொண்டு நின்றன. மேரிகிறேஸ் ஹெல்மெற் போட்டாள். காரில் ஒருநாளும் இடம் கிடைக்காத தன் பெரிய கைப்பையை ஸ்கூட்டரின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஞானரட்ணம் ஏப்பிரன் கட்டிக்கொண்டு, வாங்கிய குளிர்க்கண்ணாடியையும் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். தொழிற்சாலைக்கு எதையாவது காட்டவேண்டுமே.

“நான் ஒருக்கா ஏறி இருக்கிறன். ஒரு படம் எடுத்துவிடும்.”

“எஞ்சின் ஓடுது. மூண்டு லிட்டர்,” என்றாள் மேரிகிறேஸ்.

ஸ்கூட்டர் அசைந்தது. அவருக்கு நெஞ்சு பதைத்தது. டாங்குக்காகப் பதைத்ததா, அவளுக்காகப் பதைத்ததா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். பனிக்குள் நாலடி ஓடினார்.

“மெதுவா,” என்று கத்தினார். “அக்சிலேற்றரை மெதுவா அமத்தும். மெதுவா எண்டெல்லோ சொல்லுறன்.”

சொன்னபிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. மேரிகிறேசின் காதில் விழவில்லை. ஹெல்மெற் நல்ல தடிப்பு.

ஆண்கள் சமைத்தார்கள். மகேந்திரராசா உப்புப் பார்த்தார். திரும்பத் திரும்ப உப்புப் பார்த்ததில் இறைச்சி பாதியானது. ஞானரட்ணம் வெங்காயம் வெட்டினார், குளிர்க்கண்ணாடியைக் கழற்றாமல். அதனால் கண் எரியவில்லை. அவர் கண்டுபிடித்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான். இடையிடையே குசினி யன்னலைத் துடைத்து வெளியே பார்த்தார். புட்டு ஆவியில் அது திரும்பவும் மூடிக்கொண்டது.

பொழுது சாய உறுமல் கேட்டது. பெண்கள் இருவரும் கன்னம் சிவக்க, ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மேரிகிறேசை அவர் இப்படிச் சிரித்துப் பார்த்துக் கனகாலம். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் வாயில் வந்தது பழைய கேள்விதான்.

“டாங்கிலை எவ்வளவு மிச்சம்?”

“சரியா அரை டாங்க்,” என்றாள் மேரிகிறேஸ். “நூறு கிலோமீற்றருக்கு இருபது லிட்டர். உங்கடை கணக்கு ஒரு சொட்டும் பிழைக்கேல்லையப்பா.”

ஞானரட்ணத்தின் முதுகு நிமிர்ந்தது. மகேந்திரராசாவைத் திரும்பிப் பார்த்தார். “நான் சொன்னனானெல்லே,” என்றார். இந்த வீட்டில் அவர் சொன்ன ஒன்று சரியென்று மேரிகிறேஸ் வாயாலேயே வந்துவிட்டது. ஸ்கூட்டர் போனால் போகட்டும்.

“ஓம், சரியாத்தான் சொன்னனீங்கள்,” என்று மேரிகிறேஸ் கையுறையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். “அந்த மிச்ச அரை டாங்குக்கு நாளைக்கும் போறம். கடலையை ஊறப்போட்டு வையுங்கோ.”