கடலை மறைத்த இராவணன் மீசை

கடலைப் பார்ப்பதற்காகச் சிட்னியில் குடியேறியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம்; கடலை மறைப்பதற்காகவே பாடுபட்டவர் இவ்வுலகில் ஒருவர்தாம். எழுபதுகளில் நானும் அவரும் கரையோரத் தெரு ஒன்றில், டோரீன் அம்மையார் வீட்டில், அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடப் படம் வரையும் அலுவலகத்தில் வேலை. மழுங்கச் சிரைத்த முகம். ஆயினும் அவருக்கு வழங்கிய பெயர் 'இராவணன் மீசை'.

வந்த முதல் ஞாயிறன்று, தெரு வீடுகளின் பின்புறத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டில் படர்ந்திருந்த புல்லைக் கண்டு மண்டியிட்டுவிட்டார்.

"ஐயோ தம்பி, எங்கட ஊர்க் கரையில நிக்கிற இராவணன் மீசையெல்லோ! இது எப்பிடி இஞ்ச வந்தது?"

"நீங்க வந்த மாதிரிதான் அண்ணே."

"நான் விசாவோட வந்தனான். இது?"

காற்று கொணரும் மணலை அந்தப் புல் பிடித்து வைத்துக்கொள்ளும், மேடு வளரும். அன்று முதல் அம்மேட்டில் காலணியோடு ஏற எவரையும் அவர் விடவில்லை. புல்லின் தண்டு நசுங்கிவிடுமாம். எங்கள் கோயில் போலும் என்று கருதிய உயிர்காப்பாளர் ஒருவர், சாமியின் பெயரென்ன என்று பணிவோடு கேட்டார். "இன்னும் பேர் வைக்கேல்லை" என்றார் இவர்.

இந்நிலையில், கடலை மறைக்கும் மேட்டை இடித்துத் தள்ளத் தெருவார் மனுக்கொடுத்தனர். எல்லா வீட்டாரும் இசைந்தால் இடிக்கலாம் என்றது நகரசபை. எஞ்சியது டோரீன் அம்மையாரின் இசைவு மட்டுமே. சமையலறையில் அமர்ந்து காலைத் தேநீரோடு கடலைப் பார்க்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்மையாரோடு இவர் பேசிய ஆங்கிலமோ யாழ்ப்பாண நடையிலேயே நடக்கும், அப்படியே தருகிறேன்.

"மேடு போனா, பிறகு கடல் உங்கட குசினிக்குள்ள வந்து தேத்தண்ணி கேக்கும்."

"கேட்கட்டும். எனக்குக் கடல் வேண்டும்."

"கடல்தானே? நான் தாறன்."

அந்தச் சனிக்கிழமை முழுதும் மரம் அறுத்து, பின்புற விறாந்தையில் படிகளோடு ஒரு மேடை கட்டி, உச்சியில் ஒரு கதிரையை ஆணியடித்து இறுக்கினார். அம்மையார் ஏறி அமர்ந்தார். மேட்டின் தலைக்கு மேலே நீலம் விரிந்து கிடந்தது. மணல், புகைபோல் எழுந்து புல்லுக்குள் அடங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த தேநீர் ஆறியதை அவர் அறியவில்லை. கையொப்பம் கேட்டு வந்த நகரசபை அலுவலரை அங்கிருந்தபடியே, "எனக்குத் தெரிகிறது, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

மேடு வளர வளர மேடையும் வளர்ந்தது. விறாந்தைக் கூரை தடுத்தபோது தகரத்தில் துளையிட்டார். அதன்பின் கூரைக்கு மேலே அம்மையாரின் தலை மட்டும் பூத்திருக்கும்; தெருவார் சிரிப்பர்; அவர் அரசியைப்போல் கையசைப்பார்.

"அவங்க விழுந்துட்டா என்ன அண்ணே பண்ணுவீங்க?"

"விழமாட்டா. நான்தானே கீழ பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

நின்றார்; நாள்தோறும் நின்றார்.

ஒரு குளிர்காலப் புயலில் கடல் சீறி வந்து மேட்டின் பெரும்பகுதியைத் தின்றது. அதிலேயே களைத்து, வீடு வரை வர வலுவின்றித் திரும்பியது. விடிந்து பார்த்தால், சமையலறை மேசையிலிருந்தே கடல் முழுதும் தெரிந்தது. அம்மையார் ஆசைப்பட்ட அதே காட்சி. நெடுநேரம் பார்த்திருந்தார். இவரோ வெளியே ஓடி, மேடு இருந்த இடத்தில் மண்டியிட்டார்.

அம்மையார் எழுந்து, சன்னலைச் சாத்தி, ஒரு வாளியை எடுத்துக்கொண்டார். இருவரும் மணலில் குனிந்து, பிய்ந்து கிடந்த புல்தண்டுகளைப் பொறுக்கி ஊன்றத் தொடங்கினர்.

"பழையபடி கடல் மறைய எவ்வளவு காலமாகும்?" என்று கேட்டார் அம்மையார்.

"கனகாலம் ஆகும்" என்றார் அவர், தலை நிமிராமல். "நான் இஞ்சதானே இருக்கிறன்."