இன்னும் ரெண்டு கிரெடிட்

"சேர், பொம்புளட பேருக்குப் பின்னால பி.பி.ஏ. எண்டு போடவா, விடவா? மெசின்ல ஏத்தப் போறம்."

கல்முனை அச்சகத்திலிருந்து போன். ஜவுபர் கலியாணக் கார்ட்டின் மாதிரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்றாம் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். நோன்பு பிறக்க இன்னும் பத்து நாள். பெருநாள் கழிந்து மூன்றாம் வெள்ளி மகள் நுஸ்ஹாவின் நிக்காஹ்.

"போடுங்க. கொஞ்சம் பெரிசாவே போடுங்க," என்றார்.

"போட வேணாம் வாப்பா."

அறை வாசலில் நுஸ்ஹா நின்றாள்.

"இன்னும் ரெண்டு கிரெடிட் குறையுதாம்."

ஜவுபர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "என்ன கிரெடிட்?"

"பட்டம் எடுக்க நூற்றி இருவது வேணும். எனக்கு நூற்றிப் பதினெட்டுத்தான் இருக்கு. பாடத்திட்டத்த மாத்திட்டாங்க. முந்தி மூணு கிரெடிட்டா இருந்த வணிகக் கணிதம் இப்ப ஒண்டுதான்."

"எழுதிப் பாஸ் பண்ணின பாடம் எப்படிப் புள்ள குறையும்?"

"பாஸ் குறையல்ல வாப்பா. பாடத்துட பாரம்தான் குறைஞ்சிட்டு."

வேறு தகப்பனாயிருந்தால் அந்தக் கணமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகக் கெம்பஸுக்குப் போயிருப்பார். ஜவுபர் போகவில்லை. அவர் முப்பத்தியொரு வருடம் அரச கந்தோரில் இருந்தவர், எழுத்தராகத் தொடங்கி இப்போது பிரதம லிகிதர். "ஒரு கடதாசி குறையுது, நாளைக்கு வாங்க" என்று அவரே எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏதாவது ஒன்று குறையத்தான் செய்யும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒன்றும் குறையாத விண்ணப்பத்தைக் கண்டால்தான் அவருக்குப் பயம் வரும்.

மாப்பிள்ளை பஸால் கட்டாரில் இஞ்சினியர், அட்டாளைச்சேனை நபீஸாவின் மூத்த மகன். பேச்சு வந்தபோது நுஸ்ஹா ஒரேயொரு வார்த்தைதான் சொன்னாள்: "டிகிரி முடியட்டும் வாப்பா. அதுக்குப் பிறகு நீங்க சொன்னபடி." படிப்பில் மகளுக்கு இருந்த ஆசையை எண்ணி ஜவுபர் நெகிழ்ந்துபோனார். டிகிரி முடியாமல் நிக்காஹ் இல்லை என்று வாக்கும் கொடுத்தார். நபீஸாவுக்கு அது இன்னும் வசதி. பட்டதாரி மருமகள் வரப்போகிறாள் என்று அவ ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தா.

ஜவுபர் போனிலிருந்து கையை எடுத்தார். "தம்பி, மெசின நிப்பாட்டுங்க."

இரண்டு கிரெடிட்டுக்கு ஒரு விருப்பப் பாடம் இருந்ததாம்: சுற்றுலா முகாமைத்துவம். பரீட்சை கிடையாது. அறுகம்பேயில் நூறு உல்லாசப் பயணிகளிடம் கேள்விப் படிவம் நிரப்பி அறிக்கை எழுதிக் கொடுத்தால் போதும்.

"நாலு மாசம் எடுக்கும் வாப்பா."

"நாலு மாசமா? ரெண்டு நாள்!"

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அறுகம்பேக் கரையில், முழுக்கை வெள்ளைச் சேட்டும் தொப்பியும் கையில் பைலுமாக அவர் இறங்கி நடந்தபோது, விசா பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் கரை வெறிச்சோடிப் போயிற்று. விடுதிக்காரர் ஒருவர் ஓடிவந்து, "சேர், எங்கட ஆக்கள் எல்லாருக்கும் விசா இருக்கு, ரெண்டு பேருக்குத்தான் கொஞ்சம் முடிஞ்சிட்டு," என்றார். அலைப்பலகையோடு கடலுக்குள் நின்ற ஒரு வெள்ளைக்காரன் மட்டும் ஓட வழியில்லாமல் மாட்டினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, இந்தச் சேவையில் தங்களுக்குத் திருப்தியா என்று ஜவுபர் அவனைக் கேட்டார். அவன் அலையைக் காட்டிப் பெருவிரலை உயர்த்தினான். "மிகத் திருப்தி" என்ற இடத்தில் ஜவுபர் சரி போட்டார்.

மத்தியானம் வரை ஏழு படிவம். மிச்சம் தொண்ணூற்று மூன்றையும் தென்னை மரத்தடியில் குந்தியிருந்து தானே நிரப்பினார். ஜெர்மனிக்குப் பதினெட்டு, பிரான்சுக்கு இருபது என்று பாகுபாடில்லாமல் பகிர்ந்தார். நுஸ்ஹா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நோன்பு பாதி கடந்தபோது அவள் வந்து சொன்னாள். "அறிக்கையத் திருப்பிட்டாங்க வாப்பா. நூறு வெள்ளைக்காரரும் எப்படி ஒரே எழுத்தில எழுதினாங்க எண்டு கேக்காங்க. அதுவும் லிகிதர் எழுத்து எண்டு வேற கண்டுபிடிச்சிட்டாங்க."

"இப்ப என்ன செய்யிற?"

"கள ஆய்வு பிழைச்சா தொழிற்பயிற்சி செய்யணுமாம். ஆறு மாசம்."

நான்கு மாதத்தை இரண்டு நாளாக்கப் போய் ஆறு மாதமாக்கிக்கொண்ட மனிதராய் ஜவுபர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே நபீஸாவுக்குப் போன் எடுத்தார்.

"என்ன காக்கா கதைக்கிறீங்க? பஸால் டிக்கட்டும் போட்டுட்டான். பொம்புள பெயிலா எண்டு கேட்டா நான் என்ன சொல்ற?"

"பெயில் இல்ல தங்கச்சி. பாரம் குறைஞ்சிட்டு."

"ஆருக்குப் பாரம் குறைஞ்ச? புள்ளைக்குச் சுகமில்லயா?"

"புள்ளைக்கில்ல, கணிதத்துக்கு."

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு பார்ப்போம் என்று முடிவாயிற்று.

நாவிதன்வெளியில் ஜவுபரின் சிநேகிதர் செல்லத்தம்பிக்கு அரிசி மில் இருந்தது. நுஸ்ஹா அங்கே ஏற்கெனவே ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டாள் என்று ஒரு கடிதம் கேட்டார் ஜவுபர். "சேர் கேட்டா நான் ஆறு வருசம் எண்டும் எழுதுவன்," என்று செல்லத்தம்பி சீல் குத்திக் கொடுத்தார்.

நுஸ்ஹா கடிதத்தை வாசித்தாள். "போன வருசம் ஏப்ரலில இருந்து நான் மில்லில நிண்டதா இருக்கு வாப்பா. அந்த ஆறு மாசமும் கெம்பஸில வகுப்புக்கு வந்ததுக்கு என்ட கையெழுத்து இருக்கு. ரெண்டையும் வெச்சுப் பாத்தாங்கெண்டா, எடுத்த கிரெடிட்டையும் வெட்டிருவாங்க."

ஜவுபர் கடிதத்தை வாங்கி எட்டாகக் கிழித்தார். அடுத்த திங்கட்கிழமை நுஸ்ஹா உண்மையாகவே மில்லுக்குப் போகத் தொடங்கினாள்.

காலை ஏழு மணி பஸ்ஸில் போய், பின்னேரம் அபாயா முழுக்கத் தவிட்டுத் தூளோடு வருவாள். வந்ததும் பசியோடு சாப்பிடுவாள். எந்த வயல் நெல்லில் எவ்வளவு ஈரம், எந்த லொறி எத்தனை மணிக்கு வந்தது, உமியை எங்கே விற்கலாம் என்று உம்மா றாஹிலாவிடம் கதைகதையாய்ச் சொல்லுவாள். செல்லத்தம்பி ஒருநாள் சந்தையில் ஜவுபரைப் பிடித்தார்.

"சேர், உங்கட மகள் வந்த பிறகு மில் வாசல்ல ஒரு லொறி காத்து நிக்கிறல்ல. பயிற்சி முடிஞ்சாலும் அனுப்பிப்போடாதீங்க."

"அல்லாஹ்வே, நீங்களும் நீட்டாதீங்க செல்லத்தம்பி."

ஹஜ்ஜுப் பெருநாளும் போயிற்று. பஸால் லீவில் வந்து, மூன்று கிழமை உம்மாவின் வீட்டில் சும்மா இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். நுஸ்ஹாவுக்கென்று எழுப்பிய மேல்மாடியின் புதுப் பெயின்றில் முதல் மழையின் கறை இறங்கியது. றாஹிலா கலியாணத்துக்கென்று பத்திரிகைத் தாளில் சுற்றிவைத்த பீங்கான்களை அவிழ்த்துத் துடைத்துத் திரும்பச் சுற்றினா. பள்ளிவாசலில் யாராவது தோளில் கைவைத்தால், கலியாணம் எப்போது என்று கேட்கத்தான் என்று தெரிந்து ஜவுபர் கடைசி வரிசையில் தொழுது, முதல் ஆளாய் வெளியே வந்தார். உடம்பு இளைத்து, சேட்டு தோளில் தொங்கத் தொடங்கியது.

கந்தோரிலும் மனம் ஒட்டவில்லை. சுபைறா என்றொரு பெண், புருசன் மௌத்தாகிப் போனதற்குரிய விதவைக் கொடுப்பனவுக்காகப் பதினோராவது தடவை வந்து நின்றா. ஜவுபர் பழக்கத்தில், "ஒரு கடதாசி..." என்று தொடங்கினார். அவவின் செருப்பு வார் கம்பியால் முடிந்திருந்தது. பதினோரு தடவையும் அந்தச் செருப்போடுதான் வந்திருப்பா என்று தோன்றியதும் மிச்சத்தைச் சொல்ல நா எழவில்லை. பைலை இழுத்துக் கையெழுத்து வைத்தார். சுபைறா நன்றி சொல்லவில்லை. கையெழுத்தை நம்பமுடியாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனா.

டிசம்பரில் பயிற்சி முடிந்தது. ஜவுபர் கலண்டரை எடுத்தார். நுஸ்ஹா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள்.

"வாப்பா, இன்னுமொண்டு இருக்கு. கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடம்."

"அது என்ன?"

"பாஸ் பண்ணினா கிரெடிட் தரமாட்டாங்க. பாஸ் பண்ணாட்டிப் பட்டம் தரமாட்டாங்க."

ஜவுபர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். இப்படியொரு விதியை எழுதியவன் தன்னுடைய கந்தோரில் இருக்கவேண்டிய ஆள் என்று, அந்தத் துக்கத்திலும் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

"நேரப் போய்க் கேளுங்களன்," என்றா றாஹிலா.

"நேரப் போனா மேலதிகமா ஒண்டு கேப்பாங்க. எனக்குத் தெரியாதா? நானும் அப்பிடித்தான் செய்யிற."

அடுத்த நோன்பும் பிறந்தது. மூன்றாம் நாள் நபீஸாவின் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜவுபரைப் பயமுறுத்தியது. "காக்கா, பெருநாளைக்குள்ள சேட்டிபிக்கட்டக் காட்டுங்க. இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கிறம். கோவிச்சிக்காதீங்க."

ஜவுபர் அதை மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முழுங்கி முழுங்கிச் சொன்னார். நுஸ்ஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாக்கட்டும் வாப்பா," என்றாள் மெல்ல. "அவங்கள எத்தின நாளைக்குக் காக்க வைக்கிற? பாவம்."

தன் வாழ்க்கை கைவிட்டுப் போகிற நேரத்திலும் மற்றவர்களுக்காக இரங்குகிற பிள்ளை! இந்தப் பிள்ளைக்காகத் தான் இன்னும் கெம்பஸ் வாசற்படிகூட ஏறவில்லையே என்று ஜவுபருக்கு வெட்கமாயிருந்தது. தான் எழுதிய தொண்ணூற்று மூன்று படிவத்தையும் ஒப்புக்கொள்வது, காலில் விழவேண்டுமென்றாலும் விழுவது என்று முடிவு செய்தார். மகளிடம் சொல்லவில்லை.

கெம்பஸ் பரீட்சைப் பிரிவில் கண்ணாடி யன்னலுக்கு முன்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஜவுபர் எட்டாவது. முப்பத்தியொரு வருடத்தில் முதல்தடவையாக அந்தப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியில் துளை எவ்வளவு கீழே இருக்கிறது, கதைக்க எவ்வளவு குனியவேண்டும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

முறை வந்தபோது உள்ளே இருந்த லிகிதர் நல்லரெத்தினம் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, உள்ளே கதிரை போட்டுக் கொடுத்தார்.

"இருங்க சேர். தண்ணி கொஞ்சம்... ஆ, சேருக்கு நோன்புதானே. குறை நினைக்காதீங்க."

ஜவுபர் எல்லாவற்றையும் சொன்னார். வணிகக் கணிதத்தின் பாரம், அறுகம்பே, லிகிதர் எழுத்து, மில், கட்டாயப் பாடம் ஒன்றையும் விடவில்லை. "பிழை என்னுடையது, புள்ளைட இல்ல. தண்டனைய எனக்குத் தாங்க. இன்னும் என்ன குறையுது எண்டு ஒரே கடதாசியில எழுதித் தாங்க தம்பி, நான் எல்லாத்தையும் கொண்டுவாறன்," என்றார்.

நல்லரெத்தினம் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கம்பியூட்டரில் தட்டினார். எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து, அதையும் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, ஜவுபரின் பக்கமாய் மெல்லத் திருப்பினார்.

"சேர், இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் குறையல்லயே. போன வருசம் நோன்புக்கும் முந்தி, ஜனவரியிலயே முதலாம் வகுப்பில பட்டம் கிடைச்சிட்டு. சேட்டிபிக்கட்டையும் அவவே வந்து, இந்தா, கையெழுத்து வெச்சு எடுத்துட்டுப் போயிருக்கா."